சகலையின் களிமண்

பொறாமையை முற்றிலும் வென்ற மனிதர்கள் உலகில் மிகச் சிலரே. மூத்த மாப்பிள்ளை அவர்களில் ஒருவர். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

இப்போது அவர், ஆள் இல்லாத நேரம் பார்த்து, சகலையின் எஞ்சின் மேல் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

பட்டறையில் எல்லோரும் டீ குடிக்க வாசலுக்குப் போயிருந்தார்கள். சகலையையும் காணோம்.

பட்டறை மாமனாருடையது. அவருக்கு முட்டி வலி. இனி வீட்டோடு இருக்கப் போகிறார். அவருடைய சுழல் நாற்காலியில் அடுத்து உட்காரப் போவது மூத்த மாப்பிள்ளையா, இளைய மாப்பிள்ளையா என்று இன்று சொல்வதாக இருந்தார்.

மூத்தவருக்கு இதில் சந்தேகமே இருந்ததில்லை, பந்தயக் காரின் எஞ்சினை மாமனார் இளையவரிடம் கொடுக்கும்வரை.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. போதாததற்கு மனைவி வேறு.

"தங்கச்சி வீட்டுக்காரர் கை பட்டா எஞ்சின் மொத தடவையிலேயே ஸ்டார்ட் ஆயிடுதாமே? நீங்க தொட்டா மட்டும் அது இருமுதாம்."

பந்தய எஞ்சினில் ஒரு தப்பு போதும். பிஸ்டன் மேலே ஏறி வரும் நேரத்தில் வால்வு கீழே இறங்கும். நடுவில் இருக்கும் சந்து போதாவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அப்புறம் எஞ்சினைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும்.

அந்தச் சந்தைக் கண்ணால் பார்க்க முடியாது. பிஸ்டன் தலையில் களிமண் அப்பி, மேலே வால்வுகள் இருக்கும் ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். திறந்து பார்த்தால் வால்வு அமுக்கிய பள்ளம் களிமண்ணில் தெரியும். பள்ளத்தின் அடியில் மிஞ்சியிருக்கும் களிமண்ணின் கனம்தான் சந்து.

சகலை களிமண் அப்பி, ஹெட்டையும் பூட்டி வைத்திருந்தார். சுற்ற வேண்டியதுதான் பாக்கி.

களிமண் காகிதம்போல் நசுங்கியிருக்க வேண்டும் என்பது மூத்தவரின் வேண்டுதல். அதை மாமனாரிடம் காட்டி, "விடுங்க மாமா, பாவம், கத்துக்குவாப்ல" என்று பெருந்தன்மையாகச் சொல்ல வேண்டும். வசனம் தயார். முகபாவம்கூடத் தயார்.

சகலையின் மேசையில் ஸ்பானர்கள் அளவு வாரியாகப் படுத்திருந்தன. வயிறு எரிந்தது.

எஞ்சினின் முன்பக்கம் தூசி படாமல் வெள்ளைத் துணியால் மூடியிருந்தது. கல்யாணத்துக்குப் போட்டுப் போகும் தன் சட்டைகூட அவ்வளவு வெள்ளை இல்லை என்பது நினைவுக்கு வந்து, இன்னும் எரிந்தது.

பின்பக்கம் போய் ஃப்ளைவீல் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினார்.

வெண்ணெயாகச் சுற்றியது. ஒரு முனகல் இல்லை, ஒரு முரண்டு இல்லை. அவர் கட்டும் எஞ்சின்கள் இந்தக் கட்டத்தில் மாடி ஏறும் கிழவரைப்போலப் பெருமூச்சு விடும்.

"பாவிப் பய, எங்கடா கத்துக்கிட்ட இத?" என்று எஞ்சினைக் கேட்டார்.

ஹெட்டைக் கழற்றினார்.

சகலை மகளின் விளையாட்டுக் களிமண். ரோஸ் நிறம். அதில் பள்ளம் இல்லை. கீறல் இல்லை. அப்பியவரின் விரல் ரேகை கலையாமல் அப்படியே இருந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வால்வு களிமண்ணின் பக்கமே வரவில்லை! இத்தனை தாராளமாகச் சந்து விட்டு ஒருவன் பந்தய எஞ்சின் கட்டுகிறான் என்றால் அவன் மனுஷப் பிறவியே இல்லை.

குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிச் சுற்றி யோசித்தார். களிமண்ணின் நிறம் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

நாற்காலி போய்விட்டது. அதை இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லோர் முன்னாலும் மாமனார் வாயால் கேட்க வேண்டும். மச்சினி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மனைவி பொத்தாமலே சிரிப்பாள்.

ஆனால், பறிபோவதற்கு முன்னால் நாமே கொடுத்துவிட்டால் அதற்குத் தோல்வி என்று பெயர் இல்லை. தியாகம்.

மூத்தவர் வாசலுக்கு வந்தார். தொண்டையைச் செருமினார். டீ கிளாஸ்கள் நின்றன.

"மாமா, நாற்காலி தம்பிக்குத்தான். எனக்கு என்னிக்குமே அதுல ஆசை கிடையாது. திறமை எங்க இருக்கோ அங்க தலை வணங்கிட்டுப் போறவன் நான்."

வெல்டர் பக்கத்து ஆளின் காதில், "அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் இருந்த ஏதோ பாரம் இறங்கியது தெரிந்தது.

"நெஜமாவா மாப்ள? அவருக்குக் குடுத்தா நீங்க பொசுங்கிப் போயிடுவீங்களேன்னு, உங்களுக்கே குடுத்துரலாம்னு இருந்தேன். எவ்ளோ பெரிய மனசு உங்களுக்கு! நான்தான் தப்பா நெனச்சிட்டேன்."

வெல்டர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். மூத்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தியாகிகள் சிரிப்பதுபோல் சிரித்தார்.

அந்த நேரத்தில் இளையவர் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். கையில் ஒரு பொட்டலம். மாமனார் சாவிக்கொத்தை அவருடைய மற்றொரு கையில் வைத்து அழுத்தினார்.

இளையவர் ஒன்றும் புரியாமல் சாவியைப் பார்த்தார், எல்லோரையும் பார்த்தார். பிறகு பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார்.

"மன்னிச்சிருங்க மாமா, லேட்டாயிருச்சு. பழைய டைமிங் செயின் தொளதொளன்னு ஆயிருச்சுன்னு கழட்டிப் போட்டுட்டேன். புதுசுக்குக் கடை கடையா ஏறி இறங்கினேன். இனிமேதான் மாட்டி அளக்கணும்."

வால்வுகளைத் திறக்க வைப்பது அந்தச் செயின்தான். மூத்தவர் சுற்றியபோது, வெள்ளைத் துணி மூடிய இடத்தில் அது இல்லை.