வரேன் தங்கச்சி

மணி அடித்ததும் அவர்தான் என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

வாசலில் மூன்று பேர் நின்றார்கள்.

அதில் இரண்டு பேரைப் பார்த்ததுமே எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. ஒருத்தன் தடியன். இன்னொருத்தன் இளசு, ஜாக்கெட்டுக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவே இல்லை. தடியனின் தோளில் தொங்கியது என் புருஷனுடைய பை.

அவர் லிப்ட் மெக்கானிக். அன்று ஒரு பெரிய கட்டடத்தில் லிப்டின் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கீழே, லிப்டுக்குள், இரண்டு பேர் ஓர் ஆளின் கழுத்தை நெரித்துக் கொல்வதை மின்விசிறி ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டார். பதற்றத்தில் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி விழுந்துவிட்டது.

அவர்கள் மேலே ஏறிப் பார்ப்பதற்குள் தப்பி ஓடிவிட்டார். முகத்தை அவர்கள் பார்க்கவில்லை. பை மட்டும் அங்கேயே கிடந்துவிட்டது. பை மாறிவிடக் கூடாதென்று கம்பெனியில் அதன் மூடியில் அவர் பேரையும் தெருப் பேரையும் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

இதையெல்லாம் கொஞ்ச நேரம் முன்னால்தான் போனில் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். குழந்தையைக் கிளப்பி வை, இதோ வந்துவிடுகிறேன், மூன்று பேருமாக நேரே ஸ்டேஷனுக்குப் போய்விடலாம் என்றார்.

குழந்தை அப்போது பாதிக் குளியலில் இருந்தாள். தலை நிறைய ஷாம்பு நுரை. கண்ணைத் திறந்தால் எரியும், நான் வருகிறவரை அசையாதே என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். யார் குரல் கேட்டாலும் அப்பா என்று ஓடி வருகிற பிள்ளை. எவன் கேட்டாலும் எங்கப்பா லிப்ட் மெக்கானிக் என்று பெருமையாக ஒப்பிக்கிற பிள்ளை. அவள் மட்டும் வெளியே வந்துவிட்டால் எங்கள் கதை முடிந்தது.

நடுவில் நின்றவரை இவர்கள் மாடிப்படியில் வைத்து மடக்கியிருக்கிறார்கள் என்பது பார்த்த உடனே புரிந்தது. மெக்கானிக் வீடு எது என்று கேட்டு, கையோடு கூட்டிக்கொண்டு மேலே வந்திருக்கிறார்கள். அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. ஆனாலும் முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு நின்றார்.

அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"தங்கச்சி, இங்க ஒரு லிப்ட் மெக்கானிக் குடும்பம் இருந்துச்சே... காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களாமே?"

சும்மாவே எனக்கு வாய் நீளம். தண்ணீர் கேன் போடுகிறவனைக்கூட நாலு கேள்வி கேட்காமல் உள்ளே விட மாட்டேன். அன்றைக்குப் பார்த்து நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்தத் தங்கச்சியை விழுங்கவே எனக்கு நேரம் பிடித்தது. அவர் இமைக்காமல் என்னையே பார்த்தார். சொல்லு, சொல்லித் தொலை என்கிற பார்வை.

"ஆமாண்ணே. போன மாசமே போயிட்டாங்க. நாங்க புதுசா வந்திருக்கோம்."



இளசு என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தான். கூடத்துச் சுவரில் எங்கள் கல்யாணப் போட்டோ மாட்டியிருந்தது. கதவை இன்னும் கொஞ்சம் சாத்தி, நிலையில் கையை ஊன்றிக்கொண்டு, பொம்பளை தனியாக இருக்கிற வீட்டுக்குள் உனக்கு என்னடா பார்வை என்பதுபோல முறைத்தேன். அவன் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டான். கொலைகாரனுக்கும் வெட்கம் இருக்கிறதாம்!

தடியன் லேசில் விடுகிறவனாக இல்லை. எங்கே போனார்கள் என்று என்னை அதட்டினான். எனக்கென்ன தெரியும் என்றேன்.

குளியலறையில் எதுவோ விழுந்து உருண்டது.

இரண்டு பேருமே அந்தப் பக்கம் காதைத் தீட்டினார்கள்.

நடுவில் நின்றவர் அதற்குள் குறுக்கே புகுந்துவிட்டார். அவர்கள் போன வீடு தனக்குத் தெரியும் என்றார். ஊருக்கு வெளியே, சொன்னால் புரியாது, நானே கூட வந்து காட்டுகிறேன் என்றார். சொல்லிக்கொண்டே தடியனின் முழங்கையைப் பிடித்துப் படிப்பக்கம் திருப்பினார்.

போகாதீர்கள் என்று கத்த வாயெடுத்தேன். கத்தியிருந்தால் யாருமே மிஞ்சியிருக்க மாட்டோம். வாயைப் பொத்திக்கொண்டேன்.

இரண்டு படி இறங்கிவிட்டு அவர் திரும்பிப் பார்த்தார்.

"வரேன் தங்கச்சி. கதவச் சாத்திக்கோ."

சாத்தினேன். தாழ்ப்பாளும் போட்டேன். செருப்புச் சத்தம் கீழே போய் ஓய்கிறவரை கதவிலேயே சாய்ந்து நின்றேன். என் புருஷனுக்குப் போன் பண்ணக் கை பரபரத்தது. பண்ணவில்லை, இப்போது அது அடித்தால் காரியமே கெட்டுவிடும். போலீஸுக்கு அடித்தேன். அழுகையில் நான் சொன்னது அவர்களுக்குப் பாதி புரியவில்லை. திரும்பத் திரும்ப விலாசத்தைச் சொன்னேன்.

குளியலறைக் கதவு திறந்தது. முகமெல்லாம் நுரை வழிய, கண்களை இறுக்க மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வந்தாள் என் மகள்.

"ஏம்மா, அப்பா உன்னைப் போய் தங்கச்சின்னு கூப்பிடுறாரு?"

கீழே கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

போலீஸ் இன்னமும் தேடிக்கொண்டுதான் இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து வாய்க்கு வாய் என்னங்க, என்னங்க என்றே கூப்பிட்ட மனுஷனை, கடைசியாக அண்ணே என்று கூப்பிட்டு வழியனுப்பி வைத்தேன், பாவி.