வெர்காவின் முழங்கால்

டிவியில் ஓடிய டென்னிஸ் ஆட்டத்தில், மூன்றாவது செட்டின் நடுவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த வெர்கா, ஆட்டத்தை விட்டே விலகிவிட்டான்.

"தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் நொண்டுறான் அத்தான்," என்றான் மைத்துனன் கதிரேசன்.

கோதண்டத்துக்குக் கோபம் வந்தது. வெர்காவின் ரசிகர்கள் கட்டிக்கொள்ளும் பட்டை அவர் காலிலும் இருந்தது. அவனுக்கு வலித்தால் அந்தப் பட்டை வழியாக இவருக்கும் அதே இடத்தில் வலிக்கும். இன்று ஒன்றுமே வலிக்கவில்லை. அதைக் கதிரேசனிடம் எப்படிச் சொல்வது?

"உயிர் போகுதுடா," என்று காலை நீவிக்கொண்டார்.

"எனக்கும்தான்," என்றாள் மனைவி வத்சலா. அவளும் பட்டை கட்டியிருந்தாள். கண்ணில் நீர்கூட முட்டியிருந்தது.

கதிரேசன் கிளம்பிப் போனான்.

வெர்கா நடித்தான் என்றால் இவளுக்கு மட்டும் எப்படி வலிக்கும்?

"நிஜமாவே வலிச்சுதா வத்சலா?"

"ஏன், உங்களுக்கு வலிக்கலையா?"

"வலிச்சுது."

அவள் தைலம் எடுத்துவந்து அவர் முழங்காலில் தேய்க்க உட்கார்ந்தாள். இவ்வளவு தத்ரூபமாக நடிப்பவளா இவள்? இத்தனை வருஷத்தில் வேறு எதெதற்கெல்லாம் கண் கலங்கியிருக்கிறாள் என்று யோசித்தபடி நிமிர்ந்தார். அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோதண்டம் பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல முனகினார்.