பத்தாவது வாக்கியம்

வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போவதற்கு முன்னால் இங்கிலீஷ் கற்றுக்கொள்ளும் பூங்கோதைக்கு, ‘ஐ வான்ட் டு’ என்று தொடங்கும் பத்து வாக்கியங்கள் வீட்டுப்பாடம். அவள் தோசை ஊற்றிக்கொண்டே ஒப்பிக்க, கணவர் தனக்கோடி சாப்பிட்டபடி நோட்டைப் பார்த்துச் சரிபார்த்தார்.

“ஐ வான்ட் டு சிட் நியர் விண்டோ.”

“சரி, அடுத்தது.”

“ஐ வான்ட் டு சீ ஸ்னோ.”

முப்பது வருஷத்தில் தனக்கென்று எதையும் வாய் திறந்து கேட்டிராதவள், இங்கிலீஷில் மட்டும் கூச்சமே இல்லாமல் கேட்டுக்கொண்டே போனாள். அவருக்குச் சிரிப்பு வந்தது.

ஐந்தாவது தோசை அவர் தட்டில் விழுந்தது. “ஐ வான்ட் டு ஈட் ஹாட் தோசா” என்றாள்.

நோட்டில் தேடினார். ஒன்பது வாக்கியம்தான் எழுதியிருந்தது; இது அதில் இல்லை. அவள் சாப்பிட உட்காரும்போது தினமும் அடுப்பு அணைந்திருக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கையைக் கழுவிவிட்டு வந்து கரண்டியை வாங்கினார்.

“நீ போய் உட்காரு.”

“ஐயே, சும்மா பாடத்துக்குச் சொன்னேங்க.”

“உட்காருன்னா.”

அவர் ஊற்றிய தோசை கல்லோடு ஒட்டி, பிய்ந்துதான் வந்தது. ஆவி பறக்கத் தட்டில் போட்டார். அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு நோட்டை இழுத்து, இடது கையாலேயே கோணல்மாணலாகப் பத்தாவதை எழுதி, அதன் கீழே பதினொன்று என்று எண் போட்டாள்.