குதிரை குடிக்கும்வரை

தெருவில் நாலைந்து பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. சாய்ராவின் குதிரைத் தொட்டிக்குள் ரப்பர் குழாய் முங்கிக் கிடந்ததுதான் காரணம். ஊரில் தண்ணீர் வரத்து நிற்கும்போதெல்லாம் அது தொட்டி அழுக்கை ஊர்க்குழாய்க்குள் உறிஞ்சிவிட்டது. ஒருவழி வால்வு மாட்ட நாரின் நகரத்திலிருந்து குழாய் வேலைக்காரன் ஜோல்தோஷ் வந்தான்.

“வால்வு வேண்டாம் தம்பி,” என்றாள் சாய்ரா. “தண்ணி நின்னதும் இந்தக் குழாய்லதான் அவரு சீழ்க்கை கேக்குது. அதுக்குத்தான் குதிரை குடிக்குது.”

அவள் புருஷன் தூலோன் செத்துப் பனிக்காலம் ஒன்று போயிருந்தது. குதிரை குடிக்கச் சீழ்க்கை அடிப்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

“நீங்களே அடிங்களேன், அக்கா.”

“என் சீழ்க்கைக்குக் கோழிகூடத் திரும்பாது.”

“பிள்ளைங்க நோவுல கெடக்குதுக்கா.”

“தெரியுது. அதான் உன்னைப் போகவும் சொல்ல முடியல.”

ஜோல்தோஷ் வால்வைப் பையில் போட்டான். கத்தியை எடுத்து, தொட்டி விளிம்புக்கு ஒரு சாண் மேலே குழாயை அறுத்து, அதன் வாய் அங்கேயே நிற்கும்படி கட்டினான்.

“இனி தொட்டித் தண்ணி உள்ளே போகாது. வர்றவர் வரட்டும்.”

சோதித்துப் பார்க்கத் தெருக்குழாயை அடைத்தான். தண்ணீர் நின்றது. குழாய் காற்றை உள்ளேதான் இழுக்க வேண்டும். ஈரக்கையைக் குழாய் வாயருகே பிடித்தான். காற்று வெளியே வந்தது, வெதுவெதுப்பாக. பிறகு தாழ்ந்த, நீளமான சீழ்க்கை. குதிரை கழுத்தைத் தாழ்த்திக் குடித்தது.

அது தலை தூக்கியதும், “போதுங்க, குடிச்சிட்டான்,” என்றாள் சாய்ரா, குழாயைப் பார்த்து.

சீழ்க்கை நின்றது.