ஒரு மணி நேர பர்மிஷன்

ஞாயிறு காலை பதினொரு மணி. திருப்பூரில் நடக்கும் திரைப்பட விழாவின் சிறிய அரங்கில் வேல்குமாரின் முதல் படம் முதல்முறையாக ஓடுகிறது. நடித்தவர்கள் எல்லோரும் பனியன் கம்பெனி ஆட்கள். லீவு நாளில்தான் அவர்களால் வர முடியும் என்று அவனே கேட்டு வாங்கிய நேரம் இது. இது ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட் வாரம் என்பதை மறந்துவிட்டான். இன்று எல்லாக் கம்பெனியும் ஓடுகிறது. நாயகி மயிலாள் மட்டும் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு வந்து, அவன் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். செக்கிங் வேலையில் குறையுள்ள பனியனில் ஒட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்கள் அவள் முன்கையில் அப்படியே இருக்கின்றன. திரையில் சுவரளவு பெரிதாக அவள் முகம் துணியின் மேல் குனிந்திருக்கிறது. மின்விசிறிக் காற்றில் திரை அசையும்போதெல்லாம் அந்தக் கன்னம் துடிக்கிறது. அவள் போனில் மணி பார்க்கிறாள். அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறாள். "கதைய முன்னப் பின்ன மாத்தி மாத்தி எடுத்ததுல எனக்கு ஒண்ணும் புரியல கண்ணு. கடைசில எனக்கு என்னாவுது?" "வேலைய விட்டுட்டு வெளிய போயிர்றீங்கக்கா," என்கிறான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நெசமாவா," என்று மெல்லச் சிரிக்கிறாள். பிறகு எழுந்து, பின்னால் இருக்கும் நாலைந்து பேருக்கு மறைக்கக் கூடாதென்று நன்றாகக் குனிந்தபடி, காலி நாற்காலிகளுக்கு நடுவே கம்பெனிக்கு ஓடுகிறாள்.