கண்டிக் கடையை விழுங்கியவர்

"அந்தக் கள்ளன்ர பூட்டப்பிள்ளையை ஏன் வீட்டுக்குக் கூப்பிட்டனீங்கள்?" குசினிக்குள் இருந்தபடியே கேட்டார் கமலினி.

பதில் கணவர் விக்னராஜாவின் மடியில் கிடந்தது. கொழும்புச் சுவடிக்கூடத்திலிருந்து வந்த பிரதி.

ஓய்வு பெற்றபின் அவர் எழுதிய குடும்ப வரலாறு அடுத்த கிழமை அச்சுக்குப் போகிறது. அதன் மூன்றாம் அத்தியாயம்தான் சுவையானது. பூட்டன் கந்தப்பர் விக்டோரியா மகாராணி காலத்தில் கண்டியில் சுருட்டுக்கடை வைத்திருந்தார். 1886இல் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் விதவை அழுது முடிப்பதற்குள், கணக்கப்பிள்ளை சின்னத்தம்பி கடையைத் தன் பெயருக்கு மாற்றி விழுங்கிவிட்டார். பதினான்கு அடிக்குறிப்புகள். ஒன்றிலும் ஆதாரம் இல்லை.

ஆதாரம் தேடப் போனதுதான் வினை. கந்தப்பரின் உயிலே வந்துவிட்டது.

கண்டியில் அவருக்கு பொடி மெனிக்கா என்றொரு சிங்களத் துணைவியும் ஒரு மகனும் இருந்திருக்கிறார்கள். கடை அந்த மகனுக்கு. ஊரில் மனைவிக்குத் தெரியக்கூடாது என்பதால், பையன் வளரும்வரை சின்னத்தம்பி தன் பெயரில் நடத்த வேண்டும். கூடவே 1904ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்று: சின்னத்தம்பி கடையை அப்படியே ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வெளியேறியிருக்கிறார்.

கமலினியும் வாசித்தவர்தான். "நாலு தலைமுறையாக் கள்ளன் எண்டு சொல்லியாச்சு. இன்னொருக்காச் சொன்னா அந்தாளுக்கு நோகவே போகுது? எங்கட மானத்தைப் பாருங்கோ."

மணி அடித்தது. வீட்டுக்குப் பக்கத்திலுள்ள மேய்ஸ் ஹில் கோயிலுக்கென்று மெல்பேர்ணிலிருந்து வந்திருந்த கேதீஸ்வரன், நெற்றியில் திருநீற்றோடு நின்றார். சின்னத்தம்பியின் பூட்டப்பிள்ளை.

"இரும் தம்பி. இதை வாசியும். இல்லாட்டி எனக்குத் தேத்தண்ணி இறங்காது."

கேதீஸ்வரன் முதல் வரியைப் பார்த்தார். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"தெரியும் அண்ணை. இதின்ர மற்றப் பிரதி எங்கட சாமியறையில இருக்கு."

விக்னராஜா கதிரையில் சாய்ந்தார். உடனே நிமிர்ந்தார்.

"தெரிஞ்சுகொண்டோ என்ர மகளின்ர கலியாணத்தில இருந்தனீர்? என்ர மச்சான் மைக்கைப் பிடிச்சு, 'கடையை விழுங்கின பரம்பரையும் வந்திருக்கு, எல்லாருக்கும் சாப்பாடு காணுமோ' எண்டு கேட்டவரெல்லே?"

"ஓம். நான் ரெண்டாந்தரம் பாயசமும் வாங்கினனான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

குசினியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"ஊரில அந்த மனுசிக்குத் தெரியவிடமாட்டன் எண்டு எங்கட பூட்டன் சத்தியம் பண்ணினவர்," என்றார் கேதீஸ்வரன். "உங்கட ஆக்கள் கள்ளன் எண்டு சொல்லுற நேரமெல்லாம் எங்களுக்கு ஒரு நிம்மதி, அண்ணை. இன்னும் தெரியவரேல்லை எண்டு."