மகாராஜா ரூபாய்

மைசூரில் பஸ் ஏறியதிலிருந்து இவர் அந்த ரூபாயை வெளியே எடுப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தார்.

மகாராஜா காலத்து வெள்ளி ரூபாய். ஜன்னல் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கட்டைவிரலால் தடவுவார். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சட்டைப்பையில் வைப்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுப்பார். பெற்ற பிள்ளையைக்கூட இந்த மனுஷன் இத்தனை தடவை போர்வையை விலக்கிப் பார்த்ததில்லை.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் உமேஷ். பால் சொசைட்டியில் காஷியர். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று எனக்கு ஓயாமல் பாடம் நடத்துகிறவர்.

மனை வாங்க என் தாலிக்கொடியை விற்ற வருஷம் பிடித்தது இந்தப் பழங்காசுப் பைத்தியம். காசு கிடந்தால் விலை ஏறிக்கொண்டே போகும், இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குள் அதைக் கொடியாக்கி உன் கழுத்தில் போடுகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமையானால் தேவராஜா மார்க்கெட் பக்கம் கிளம்பிவிடுவார். ஆனை போட்ட செப்புக்காசு, ஓட்டைக் காலணா என்று ஏதாவது ஒன்றோடு, தேர் இழுத்துவிட்டு வந்த முகத்தோடு திரும்புவார்.

ஆனால் கொடியாக மாறக்கூடியது இந்த ஒரு ரூபாய்தான் என்பது அவர் கணக்கு. மூக்குக்கண்ணாடி மாற்ற வைத்திருந்த பணத்தையும் போட்டு, நடைபாதையில் ஒருவனிடம் வாங்கியது.

கல்யாண நாள் வருகிற வெள்ளிக்கிழமை. நேரில் கொண்டுவந்து காட்டினால் எடுத்துக்கொள்கிறேன் என்று பழங்காசு சேர்க்கும் கொள்ளேகால் பட்டுக்கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். அங்கேதான் போய்க்கொண்டிருந்தோம்.

மஞ்சள் கயிறே போதும், விற்கவேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். கொடுத்த வாக்கு என்று ஒரே பிடியாக நின்றார்.

கண்டக்டர் வந்தார். பெண்பிள்ளை என்பதால் எனக்கு இலவசம், இவருக்கு மட்டும் டிக்கெட். மீதி வந்த ஐந்து ரூபாய்க் காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மகாராஜா ரூபாயும் அப்போது உறையை விட்டு வெளியே வந்து அங்கேதான் கிடந்தது.

நரசிபுரம் வந்தது. அடுத்தது பாலம்.

காவேரியைத் தாண்டும்போது ஒரு காசு போட்டுக் கும்பிடவேண்டும். எங்கள் ஹனூர்ப் பக்கத்தில் அப்படித்தான்.

கல்யாணமாகி மைசூருக்கு வந்தபோது இதே பாலத்தில்தான் வந்தோம். ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மாவை நினைத்து அழுதுகொண்டே வந்தேன். எப்படித் தேற்றுவது என்று இவருக்குத் தெரியவில்லை. என் கையில் எட்டணாவைத் திணித்து ஆற்றைக் காட்டினார். நான் வீசியது ஜன்னல் கம்பியில் பட்டு பஸ்ஸுக்குள்ளேயே விழுந்துவிட்டது. இரண்டு பேரும் சீட்டுக்கடியில் குனிந்து தேடித் தலையோடு தலை முட்டிக்கொண்டோம். நான் இவரோடு முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். இந்தப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் அந்த நாளுக்காக மனசு ஏங்கும்.

அதற்குப் பிறகு காசு போடுவது இவர் வேலையாகிவிட்டது. ஜன்னல் சீட்டும் இவருக்குத்தான்.

ஆறு தெரிந்ததும் இவர் கை தானாகப் பைக்குள் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டார். ஏதோ முணுமுணுத்தார். வீசினார்.

வெயிலில் ஒன்று பளிச்சென்று போனதை நான் பார்த்தேன்.

இவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். பையில் மிச்சமிருந்ததை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கண்டக்டர் கொடுத்த ஐந்து ரூபாய்.

“ராணி, மாத்திப் போட்டுட்டனே!”

எழுந்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பாலம் முடிந்து பஸ் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் பஸ் முழுக்கப் பரவிற்று. முன்சீட்டு அம்மாள் உச்சுக்கொட்டினாள். அது எப்பேர்ப்பட்ட ரூபாய், எந்த மகாராஜா அடித்தது, இன்றைக்கு என்ன பெறும் என்று இவர் தமிழிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றிச் சொன்னார். கேட்டவர்களெல்லாம் தலையில் கை வைத்தார்கள். காவேரம்மா கேட்டு வாங்கியிருக்கிறாள், வட்டியோடு கொடுப்பாள் என்று கண்டக்டர் தேற்றினார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடியும் நிற்கவில்லை.

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் நாலு பேர் முன்னால் இப்படிப் பிடித்ததேயில்லை.

“அழுவாத ராணி. எப்பாடுபட்டாச்சும் உனக்குக் கொடி எடுத்துத் தாரேன்.”

நான் கொடிக்காக அழவில்லை.

போன தசராவுக்கு இவர் ஊரில் இல்லாதபோது, என்னதான் பெறும் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் அந்த ரூபாயை ஒரு பழங்காசுக் கடைக்கு எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரர் அதைக் கல் மேடைமேல் ஒருமுறை போட்டுப் பார்த்தார். நல்ல வெள்ளி என்றால் கணீரென்று பாடுமாம். அது சொத்தென்று விழுந்தது. ஈயத்துக்கு முலாம் பூசியிருக்கிறார்கள் அம்மா என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சத்தத்தை இவர் காதில் போட எனக்கு மனசு வரவில்லை. கொள்ளேகாலில் முன்பின் தெரியாத ஒருவர் கடையில், இன்னொருத்தர் கையால் இவர் அதைக் கேட்கப்போகிறாரே என்றுதான் காலையிலிருந்து செத்துக்கொண்டிருந்தேன்.

பிடித்த கையை நானும் விடவில்லை. இனி அந்த ரூபாயை யாராலும் தட்டிப் பார்க்க முடியாது.